ஆறு நாள் பாடம், ஆறு மாதப் பயிர்

கோவை, லாலி ரோடு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மாதந்தோறும் 5ஆம் தேதி காளான் வளர்ப்புப் பயிற்சி. மறுநாள், 6ஆம் தேதி, தேனீ வளர்ப்பு. விடுமுறை குறுக்கிட்டால் அடுத்த வேலைநாள். பல வருடங்களாக இதுதான் வழக்கம். கொங்கு மண்டலத்தில் சொந்தமாக ஏதாவது தொடங்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் இந்தத் தேதிகளை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

காளான் வகுப்பில் எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நிற்கும் ஓர் இடம் உண்டு. ஊறவைத்து வேகவைத்த வைக்கோலை நிழலில் உலர்த்தி, ஒரு பிடி எடுத்துக் கையில் கொடுப்பார்கள். இறுக்கிப் பிழிந்தால் விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. ஆனால் உள்ளங்கையில் ஈரம் ஒட்ட வேண்டும். அந்தப் பதம்தான் பாடத்தின் உயிர். ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்று பலகையில் எழுதிப் போட்டால் மனசில் நிற்காது. பிழிந்து பார்த்தவருக்கு ஆயுளுக்கும் மறக்காது. அப்புறம் பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு வித்து என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கட்டி, துளையிட்டு, இருட்டறையில் தொங்கவிட்டால் பதினைந்து இருபது நாளில் பை முழுக்க வெள்ளையாகப் பூசணம் படரும். பிறகு மொட்டு விடும்.

மாலையில் சான்றிதழ். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் நிஜமான கேள்விகள் ஒவ்வொன்றாக எழும். வித்து எங்கே தரமாகக் கிடைக்கும்? ஒரு நாளைக்கு மேல் தாங்காத காளானைத் தினமும் யார் வாங்குவார்கள்? குடில் போடக் கடன் கேட்டால் வங்கி கொடுக்குமா? பத்தாம் நாள் பையில் பச்சையாக ஏதோ படர்ந்தால் யாரைக் கேட்பது?

இளைஞர்களுக்கான வேளாண் பயிற்சி என்றதும் நம் பேச்சு பெரும்பாலும் எத்தனை பேருக்கு, எத்தனை நாள், எவ்வளவு நிதி என்ற திசையிலேயே ஓடுகிறது. அந்தப் பேருந்து நிறுத்தத்துக் கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை.

முதலில், ஆர்வம் இருக்கிறதா என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2001இல் தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்தவர்கள் சுமார் 51 லட்சம் பேர். 2011இல் அது சுமார் 42 லட்சமாகக் குறைந்தது. அதே பத்தாண்டில் விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடினார்கள். நிலத்தை உழுதவர் கூலிக்குப் போனார். அவர் மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ போனான். 2003இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க விவசாயக் குடும்பங்களிடம் கேட்டபோது, வேறு வழி இருந்தால் விவசாயத்தை விட்டுவிடுவோம் என்று நூற்றுக்கு நாற்பது பேர் சொன்னார்கள். 2018-19 கணக்கில் ஓர் இந்திய விவசாயக் குடும்பத்தின் மாத வருமானம் சராசரியாக 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய்தான். இந்தக் கணக்கை மகனிடம் காட்டிவிட்டு, ஊரிலேயே இரு என்று எந்த அப்பாவால் சொல்ல முடியும்?

ஆனாலும் பிள்ளைகள் வருகிறார்கள். காளான் கூடத்தில், தேனீப் பெட்டிக்கு முன்னால், நாமக்கல்லிலும் காட்டுப்பாக்கத்திலும் நடக்கும் ஆடு, கோழி வளர்ப்பு வகுப்புகளில், தஞ்சாவூர் உணவுப் பதனிடும் நிறுவனத்தில், திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் வந்து உட்காருகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர், பொறியியல் படித்துவிட்டு வேலை பிடிக்காமல் திரும்பியவர், கொரோனாக் காலத்தில் ஊருக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர், கைக்குழந்தையோடு வரும் சுயஉதவிக் குழுப் பெண். இவர்கள் அப்பாவின் நெல்லை அப்படியே தொடர வரவில்லை. முக்கால் ஹெக்டேரில் — 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் சராசரிப் பண்ணை அளவு 0.75 ஹெக்டேர்தான் — நெல்லோடு சேர்த்து இன்னொன்றும் செய்தால் குடும்பம் நிமிருமா என்று பார்க்க வருகிறார்கள். இவர்களுக்கு உடனே தெரிய வேண்டிய விடை அது.

அந்த விடையை நல்லவர்கள் சொல்லாதபோது கெட்டவர்கள் சொன்னார்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் வெடித்த ஈமு கோழி மோசடியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குஞ்சு நாங்கள் தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னதும் ஆயிரக்கணக்கானோர் வைப்புத்தொகை கட்டினார்கள், பணம் போனது. பேராசையால் ஏமாந்தார்கள் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் அந்த விளம்பரத்தைத் திரும்பப் படித்தால் வேறொன்று தெரியும். இடுபொருள், முதல் மாதங்களைத் தாண்டக் கைச்செலவு, கடைசியில் வாங்க ஓர் ஆள் — ஓர் இளம் விவசாயிக்குத் தேவையான மூன்றும் அதில் இருந்தன. அரசுப் பயிற்சியில் இல்லாத மூன்றும் அவைதான். மோசடிக்காரர்களுக்குத் தேவை துல்லியமாகத் தெரிந்திருந்தது.

நம்மிடம் அமைப்புகள் இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், கோவைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. 1973இல் அமைக்கப்பட்ட மோகன் சிங் மேத்தா குழு கொடுத்த யோசனை அது. வகுப்பறைப் பாடம் வேண்டாம், செய்து பார்த்துக் கற்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வரட்டும். பட்டம், டிப்ளமோ எதுவும் வேண்டாம் என்று அந்தக் குழு நினைத்தது. இன்று நாட்டில் எழுநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள், தமிழ்நாட்டில் முப்பதுக்கும் மேல். பாப்பாரப்பட்டி, சந்தியூர், விரிஞ்சிபுரம், நீடாமங்கலம், வம்பன், சிறுகமணி என்று அவை இருக்கும் ஊர்களின் பெயர்களே பல குடும்பங்களில் நிலையத்தின் பெயராகிவிட்டன. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் நிலையங்களும் உண்டு. கோபிசெட்டிபாளையத்தில் மைராடா, தேனி காமாட்சிபுரத்தில் சென்டெக்ட், திண்டுக்கல்லில் காந்திகிராமம் நடத்துபவை அந்த வகை.

ஒரு நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் மொத்தம் 16. அதில் பாடம் சொல்லித்தரும் தொழில்நுட்ப வல்லுநர்கள் 6 பேர். ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஆறு பேர்! மாநிலத்தில் உள்ள பண்ணைகள் 79 லட்சத்துக்கு மேல். நிலையத்துக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம். தினமும் முப்பது பேர் வீதம் வருடத்துக்கு 200 நாள் ஓயாமல் பயிற்சி நடத்தினாலும் 6,000 பேரைத்தான் தொடலாம். எல்லாரையும் ஒரே ஒருமுறை பார்த்து முடிக்க நாற்பது வருடம் ஆகும். அதற்குள் முதலில் வந்த பையன் தாத்தா ஆகியிருப்பான். அந்த ஆறு பேரும் பாடம் மட்டுமா நடத்துகிறார்கள்? வயலில் சோதனை, செயல்விளக்கம், மண் மாதிரி, அறிக்கை, வருகிற தலைவர்களுக்கு வரவேற்பு என்று எல்லாம் அவர்கள் தலையில்தான். நிலையத்தைக் குறை சொல்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அது நாட்காட்டி.

பயிருக்கு ஒரு நாட்காட்டி, நிதிக்கு வேறொரு நாட்காட்டி. காவிரிப் படுகையில் வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை. ஆவணி, புரட்டாசியில் சம்பா. தை, மாசியில் அறுவடை. அந்த வாரங்களில் வீட்டில் ஒருவரும் சும்மா இருக்க மாட்டார்கள். அறுவடை இயந்திரம் எப்போது வரும் என்று இரவிலும் காத்திருப்பார்கள். அரசின் நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. ஒதுக்கீடு தலைநகரிலிருந்து மாவட்டத்துக்கு இறங்கிவரத் தாமதமாகி, கடைசி மூன்று மாதத்தில் பயிற்சிகள் குவிவது துறைக்குள் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அறுவடை நேரத்தில் விதைநேர்த்தி வகுப்பு! வயலில் வேலையுள்ள பையனால் வர முடியாது; வர முடிந்தவர்களைக் கொண்டு வருகைப் பதிவேடு நிரம்பும். விதைநேர்த்தி வைகாசியில் சொல்லித்தர வேண்டிய பாடம். தை மாதம் கேட்டால் வைகாசிக்குள் மறந்துபோகும். கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு: பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது.

கிராமப்புற இளைஞர்களுக்கான மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டம் ஒன்று ஒரு வாரக் கணக்கில் நடக்கிறது. பாடவேளை ஆறு நாள். தோட்டக்கலை நாற்றங்கால், பால் பண்ணை, மீன் வளர்ப்பு என்று நல்ல நல்ல தலைப்புகள்தான். ஆனால் ஆறு நாளில் ஒரு கத்தரி நாற்றுக்கூட நடவுக்கு வராது. விதை முளைப்பதைப் பார்க்கலாம். வெட்டுப்புழு வந்து கடிப்பதையும், தண்ணீர் அதிகமாகி நாற்று அழுகுவதையும், வாங்க வந்தவர் விலை குறைத்துக் கேட்பதையும் பார்க்க முடியாது. விவசாயத்தில் கற்க வேண்டியதெல்லாம் ஏழாம் நாளுக்குப் பிறகுதான் வருகிறது.

இதைப் புரிந்துகொண்டு நடத்திய ஒரு பள்ளிக்கூடம் இந்தோனேசியாவில் பிறந்தது. நெல்லில் புகையான் கட்டுக்கடங்காமல் பெருகி, மருந்து அடிக்க அடிக்கக் கூடுதலாகப் பரவிய காலம். 1986இல் அந்த நாடு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. மருந்தை எடுத்துவிட்டால் விவசாயி கையில் வேறு என்ன கொடுப்பது? 1989இல் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. இருபத்தைந்து பேர், ஒரு வயல், வாரம் ஒரு காலை, நடவிலிருந்து அறுவடை வரை. வயலில் இறங்கித் தூரைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கரையேறி, பெரிய தாளில் வண்ணக் குச்சியால் வரைய வேண்டும்: நடுவில் நெற்பயிர், ஒருபக்கம் பயிரைத் தின்னும் பூச்சி, மறுபக்கம் அந்தப் பூச்சியைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும். எண்ணிக்கையை எழுதி, இந்த வாரம் மருந்து தேவையா இல்லையா என்று அவர்களே பேசி முடிவெடுப்பார்கள். சிலந்தி புகையானைத் தின்னுமா என்று கேட்டால் ஆசிரியர் பதில் சொல்ல மாட்டார்; இரண்டையும் ஒரு வலைக்கூண்டில் விட்டுப் பார்க்கச் சொல்வார். பத்தே வருடத்தில் இந்தோனேசியாவில் சுமார் 10 லட்சம் விவசாயிகள் இந்தப் பள்ளியில் படித்தார்கள். அதில் பயின்ற விவசாயிகள் பலர் அடுத்த பருவத்தில் தாங்களே பள்ளி நடத்தினார்கள். எண்ணிக்கை பெருகியதன் சூட்சுமம் அதில் இருக்கிறது.

நம் ஊரிலும் வயல்வெளிப் பள்ளிகள் நடக்கின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையமும், சிறப்பாகச் செய்யும் விவசாயியின் நிலத்திலேயே பண்ணைப் பள்ளிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 120 வட்டாரங்களில் நடந்த 'வாழ்ந்து காட்டுவோம்' திட்டத்தில் சமுதாயப் பண்ணைப் பள்ளி என்று ஒன்று வந்தது. ஊருக்குள் நன்றாக ஆடு வளர்ப்பவர் அல்லது காய்கறி போடுபவர் ஆசிரியர். அவர் கொட்டகையோ வயலோதான் வகுப்பு. வழி கேட்டுக்கொண்டு வெளியூர் போக வேண்டாம். மாலையில் சந்தேகம் வந்தால் இரண்டு தெரு தள்ளி அவர் வீடு.

பாடம் எப்படிப் பரவும் என்பதற்கு இன்னோர் அடையாளம் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் கிடைக்கும். 'நெல்' ஜெயராமன் அங்கே 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவுக்கு வருகிறவருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார்கள்; காசு கிடையாது. அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இந்த ஒரு நிபந்தனையில் ஒரு முழுப் பருவப் பயிற்சி ஒளிந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் விதைத்தாக வேண்டும், கலப்பில்லாமல் காக்க வேண்டும், அறுத்துக் காயவைத்து எடுத்து வர வேண்டும், மறுபடி அதே பந்தலுக்கு வர வேண்டும். வந்தவரிடம், எப்படி வந்தது என்று கேட்பார்கள். கரூர் கடவூர்ப் பக்கம் நம்மாழ்வார் உருவாக்கிய வானகத்துக்கும் இளைஞர்கள் இப்படித்தான் தேடிப் போனார்கள். அங்கே தங்கி, மண்ணைத் தொட்டு, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுத் திரும்பியவர்களிடையே ஏற்பட்ட தொடர்பு பயிற்சி நாட்களைத் தாண்டியும் நீடித்தது. ஜெயராமன் 2018இல் மறைந்தார், நம்மாழ்வார் 2013இல். அவர்கள் பழக்கிவிட்டவர்கள் இன்றும் பயிர் செய்கிறார்கள்.

பயிற்சி முடித்தவருக்கு அடுத்த சுவர் வங்கி. வேளாண் பட்டதாரிகளுக்காக 2002இல் வந்த வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையம் திட்டம் மற்றவற்றைவிடப் பலமானது. 45 நாள் தங்கிப் படிக்கலாம். தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு 36 சதவீத மானியம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 44 சதவீதம். இத்தனை இருந்தும் நாடு முழுக்கப் பயிற்சி பெற்றவர்களில் தொழில் தொடங்கியவர்கள் பாதிக்கும் குறைவுதான். மானியக் கடன் கைக்கு வந்தவர்கள் அதிலும் சொற்பம். பட்டதாரிக்கே இந்த நிலை என்றால், பத்தாவது படித்துவிட்டு ஆறு நாள் சான்றிதழோடு போகும் பையனை வங்கி மேலாளர் எப்படிப் பார்ப்பார்? பட்டா அப்பா பேரில் இருக்கும், பல வீடுகளில் செத்துப்போன தாத்தா பேரில். பாகப்பிரிவினை நடந்திருக்காது. அடங்கலில் பெயரில்லாத குத்தகைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது, மாட்டைப் பார்ப்பது எல்லாம் அவர்கள்தான். இந்திய அளவில் நூறு நில உடைமைகளில் பெண்கள் பொறுப்பில் இருப்பவை 14. பட்டாதாரர் பெயரைப் பார்த்து அழைப்பு அனுப்பினால் களைக் கருவிப் பயிற்சிக்கு, வாழ்நாளில் களை பிடுங்காத ஆண்தான் வந்து உட்காருவார். ட்ரோன் ஓட்டும் பயிற்சியில் மகளிர் குழுக்களுக்கு முன்னுரிமை தரும் திட்டம் 2023இல் மத்திய அரசால் அறிவிக்கப்பட்டது. பதினைந்து நாள் பயிற்சியும் ட்ரோனுக்கு 80 சதவீதம் வரை மானியமும் உண்டு. நல்ல தொடக்கம். பயிற்சியோடு கருவியும் சேர்ந்தே வருவது அதன் பலம்.

இவ்வளவுக்கும் நடுவே, சத்தமில்லாமல் சரியாகப் போகிற சில ஏற்பாடுகளும் உண்டு. கோவைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் தமிழிலேயே நடக்கும் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புகளுக்கு மாதம் ஒரு நாள் நேரடி வகுப்பு. ஆறு மாதம் என்பது கிட்டத்தட்ட ஒரு பயிர். முதல் வகுப்பில் கேட்டதைச் செய்து பார்த்து, கெட்டுப்போனதை அடுத்த மாதம் கொண்டுவந்து காட்டலாம். வேளாண் அறிவியல் நிலையங்களின் பயிற்சியையும் இப்படியே பிரித்துவிட்டால் என்ன? அதே ஆறு நாள்தான். விதைப்புக்கு முன் ஒன்று, நடவில் ஒன்று, பூக்கும்போது ஒன்று, அறுவடையில் ஒன்று, சந்தைக்குப் போக ஒன்று, கணக்கு முடிக்க ஒன்று. நிதி ஏப்ரலிலேயே வந்து சேர வேண்டும். ஊரில் பாடம் சொல்லும் முன்னோடி விவசாயிக்கு, சால்வையும் கைத்தட்டலும் போதும் என்று நினைக்காமல், வல்லுநருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தைக் கொடுக்க வேண்டும். ஆறு பேரால் ஆகாதது அறுபது பேரால் ஆகும்.

இது நடக்கும் என்பதற்குக் குமரி மாவட்டத்தில் நூற்றாண்டுக் காலச் சாட்சி இருக்கிறது. 1910களில் அருட்தந்தை நியூட்டன் நம் இந்தியத் தேனீயின் சிறிய உடம்புக்கேற்ற மரப்பெட்டியை வடிவமைத்தார். இன்றும் தெற்கே அதற்கு நியூட்டன் பெட்டி என்றே பெயர். அப்போது திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராமச் சீரமைப்பு மையம் ஒன்றை நிறுவினார். மரப்பொந்தில் புகை போட்டுத் தேனெடுத்துக் கூட்டையே அழித்துவந்த ஊரில், பெட்டியில் வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. பெட்டியை உள்ளூர்த் தச்சர்கள் செய்தார்கள். தேனை வாங்கித் தரம் பிரித்து விற்கச் சங்கம் வந்தது. முட்டைக்கும் அப்படியே ஒரு சங்கம். கற்றவர் வீட்டுக்கு மையத்து ஆள் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

1991இல் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தெற்கே பரவி, பெரும்பாலான கூட்டங்களை அழித்தது. பெட்டிகள் காலியாயின. ஆனால் கைப்பழக்கம் அழியவில்லை. நோய்க்குத் தப்பிய கூட்டங்களிலிருந்து பிரித்துப் பிரித்து மறுபடி பெருக்கினார்கள். இன்று மார்த்தாண்டம் தேன் என்றால் தனி மதிப்பு.

தை பிறந்து ரப்பர் இலையுதிர்ந்து துளிர்க்கும்போது இலைக்காம்பில் மதுரம் சுரக்கும். அதுதான் அங்கே தேன் பருவம். பெட்டிகளை ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோக இரவுதான் சரியான நேரம். வெளியே போன தேனீக்கள் எல்லாம் அடைந்த பிறகு வாசலை அடைத்து, பெட்டி அசையாமல் கயிறு கட்டி, வண்டியில் ஏற்றுவார்கள். புதிதாகக் கற்கும் பையன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். தோட்டம் வந்ததும் டார்ச்சை அணைக்கச் சொல்லிவிட்டு, பெரியவர் அவன் கையாலேயே வாசலைத் திறக்க வைப்பார். வாரம் கழித்து வந்து சட்டத்தைத் தூக்கிப் பார்த்து, ராணி முட்டையிட்டிருக்கிறதா என்று அவனையே சொல்லச் சொல்வார்.